ஹவ்காங், புவாங்கோக், செங்காங், பொங்கோல்: நான்கறை வீட்டை எங்கே தேடுவது?

பூவரசு:

வணக்கம். சிங்கப்பூரின் வடகிழக்கில் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) மறுவிற்பனை வீடு தேடுகிறோம். நான் குடிமகன், மனைவி நிரந்தரவாசி (இந்தியா), வயது 33. இருவருக்கும் முதல் வீடு. எனக்கு ஒன்-நார்த்தில் வேலை, அவருக்கு ஊட்ரம் பார்க்கில். மகள் 2029இல் தொடக்கநிலை ஒன்றுக்குப் போவாள். என் அப்பா அம்மா ஹவ்காங் சென்ட்ரல் பக்கம் இருக்கிறார்கள். அதிகபட்சம் 640,000 வெள்ளி. ஊரைப் பற்றிக் கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். போதாக்குறைக்கு, பிடித்த வீட்டைப் பார்த்துவிட்டு வந்தபின் "இந்த புளோக்கில் இந்தியர் வரம்பு நிறைந்துவிட்டது" என்கிறார் முகவர். எதிலிருந்து தொடங்க வேண்டும்?

கணக்குப்புலி:

ஊர்ப் பெயரைக் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். நமக்கு முதல் வடிகட்டி புளோக் எண்தான்.

ஒரு பேட்டையிலும் புளோக்கிலும் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு வீடு வைத்திருக்கலாம் என்று வரம்பு போடும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை 1989 மார்ச்சிலிருந்து நடப்பில் இருக்கிறது. இந்தியர் மற்றும் பிற இனத்தவருக்கு இப்போதைய வரம்பு பேட்டைக்கு 12%, புளோக்குக்கு 15%. சீனருக்கு 84%, 87%. மலாய்க்காரருக்கு 22%, 25%. பேட்டை, புளோக் இரண்டில் எது நிறைந்தாலும் கட்டுப்பாடு வந்துவிடும். வீவக இணையத்தளத்தில் புளோக் எண்ணையும் தெருப் பெயரையும் போட்டால் நிலவரம் தெரியும். மாதம் முதல் தேதியன்று அது புதுப்பிக்கப்படும். 28ஆம் தேதி பார்த்துவிட்டு அடுத்த வாரம் கையெழுத்துப் போடுகிறவர்கள் இன்னொரு முறை பார்க்க வேண்டும்.

பலரும் பாதியோடு நிறுத்திக்கொள்ளும் இடம் இது. இந்தியர் வரம்பு நிறைந்த புளோக்கில் உங்களுக்குக் கதவு முழுசாக மூடிவிடவில்லை. அதே பிரிவைச் சேர்ந்த உரிமையாளரிடம் வாங்கலாம். சீன, மலாய் உரிமையாளரிடம் வாங்க முடியாது. ஆகவே விளம்பரத்தைப் பார்த்ததும் முகவரிடம் கேட்க வேண்டியது விலையை அல்ல, உரிமையாளர் எந்த இனம் என்பதை. கேட்கக் கூச்சமாக இருக்கும், ஆனால் சட்டமே அதைத்தான் பார்க்கிறது.

மறுபக்கம் சீனர் வரம்பு நிறைந்த புளோக். அங்கே இந்திய உரிமையாளர் சீனருக்கு விற்க முடியாது. வாங்கும் கூட்டத்தில் பெரும்பகுதி கழன்றுவிடுவதால் விலை இறங்கிப் பேசுவார். உங்களுக்கு நல்ல பேரம்தான். ஆனால் பத்து வருடம் கழித்து விற்கும்போது அந்த நாற்காலியில் நீங்கள் உட்கார்ந்திருப்பீர்கள். கடைசிவரை அங்கேயே இருப்பதாக இருந்தால் எடுங்கள். ஐந்து வருடத்தில் பெரிய வீட்டுக்குப் போகிற எண்ணம் இருந்தால், குறைத்துக் கிடைத்த பணத்தை விற்கும்போது திருப்பிக் கொடுக்க வேண்டிவரலாம்.

மலேசியர் அல்லாத நிரந்தரவாசிகளுக்கான தனி ஒதுக்கீடு (பேட்டைக்கு 5%, புளோக்குக்கு 8%) உங்களைத் தொடாது; நீங்கள் குடிமகனாக இருப்பதால் அது விலகிவிடும். கணவன் மனைவி இருவரும் நிரந்தரவாசி என்றால் அதுவும் உண்டு, மூன்று வருடக் காத்திருப்பும் உண்டு.

குத்தகைக்காரன்:

மேலே சொன்னது சரி. அடுத்த வடிகட்டி மிச்சக் குத்தகை, அதாவது வீவக வீட்டின் 99 வருடக் குத்தகையில் இன்னும் மீதியிருக்கும் காலம்.

வாங்குபவர்களில் இளையவர் 95 வயதை எட்டும்வரை குத்தகை தாங்கினால்தான் மசேநி (மத்திய சேமநிதி) பணத்தை முழுவதுமாகப் பயன்படுத்தலாம். வீவக கடனுக்கும் அதே அளவுகோல். உங்கள் மனைவிக்கு 33. ஆக 62 வருடம் மீதி வேண்டும். 2026 கணக்குப்படி, குத்தகை 1989இலோ அதற்குப் பிறகோ தொடங்கியிருக்க வேண்டும். 1985இல் தொடங்கிய வீடு என்றால் 58 வருடம்தான் மிச்சம். 91 வயதோடு நின்றுவிடும். வாங்கவே கூடாது என்பதில்லை. ஆனால் மசேநியில் எடுக்கக்கூடிய தொகையும் கடனும் குறையும், அந்தப் பள்ளத்தை ரொக்கத்தால் நிரப்ப வேண்டும். ஹவ்காங்கில் 80களில் கட்டிய புளோக்குகள் ஏராளம், விலை கவர்ச்சியாகத் தெரிவதற்கு ஒரு காரணம் இதுதான். செங்காங்கும் பொங்கோலும் 90களின் பிற்பகுதிக்குப் பிறகு எழுந்த ஊர்கள். அங்கே இந்தச் சிக்கல் இல்லை.

பணக் கணக்கு: பேசிய விலை 640,000, வீவக மதிப்பீடு 620,000 என்று வைத்துக்கொள்வோம். கடன் மதிப்பீட்டில் 75% வரை, அதாவது 465,000. விலைக்கும் மதிப்பீட்டுக்கும் உள்ள 20,000 வித்தியாசம் முழுக்க முழுக்க ரொக்கம். மசேநியைத் தொட முடியாது, மானியத்தையும் தொட முடியாது. முத்திரை வரி 13,800. வீவக கடன் 2.6% வட்டியில் 25 வருடத்துக்கு என்றால் மாதத் தவணை 2,110 வெள்ளி அளவில் வரும். அது மொத்தக் குடும்ப வருமானத்தில் 30%ஐத் தாண்டக்கூடாது.

மானியம்: குடிமகன்-நிரந்தரவாசித் தம்பதிக்கு நான்கறை வரை 70,000 (வருமானம் 14,000க்குள் இருந்தால்). மனைவி பின்னாளில் குடியுரிமை பெற்றால் இன்னும் 10,000 கேட்டு வாங்கலாம். பெற்றோர் வீட்டுக்கு 4 கிலோமீட்டருக்குள் வாங்கினால் 20,000, அவர்களோடு சேர்ந்தே குடியிருந்தால் 30,000. இதற்கு வருமான வரம்பு இல்லை. ஹவ்காங் சென்ட்ரலிலிருந்து அளந்தால் புவாங்கோக் உள்ளே, செங்காங் நிலையச் சுற்றுப்புறமும் உள்ளே. பொங்கோல் எம்ஆர்டி (பெருவிரைவு ரயில்) நிலையம் எல்லைக் கோட்டில் நிற்கிறது. பொங்கோல் கோஸ்ட் பக்கம் வெளியே. வீவக தளத்தில் தூரம் பார்க்கும் சேவை இருக்கிறது, இரு முகவரியையும் போட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். எல்லைக் கோட்டில் உள்ள புளோக்கை ஊகத்தில் எடுத்து 20,000 வெள்ளியை இழக்க வேண்டாம்.

வரிசை மாறக்கூடாது: முதலில் வீவகவின் தகுதிக் கடிதம் (9 மாதம் செல்லும்). அது கையில் இல்லாமல் விற்பவரிடம் ஆப்ஷன் (வீட்டை உங்களுக்கென்று ஒதுக்கி வைக்கும் ஒப்பந்தம்) வாங்க முடியாது. ஆப்ஷன் கட்டணம் 1,000 வெள்ளிக்கு மேல் போகாது. வாங்கிய மறு வேலை நாளுக்குள் மதிப்பீட்டுக்கு விண்ணப்பம் போட வேண்டும். ஆப்ஷன் 21 நாள். உறுதி செய்யும்போது கொடுப்பதையும் சேர்த்து மொத்தம் 5,000க்குள். மதிப்பீடு குறைவாக வந்து ரொக்கம் கட்டுப்படியாகவில்லை என்றால், அந்த 21 நாளுக்குள் விட்டுவிடலாம். கட்டிய ஆப்ஷன் கட்டணம் போய்விடும்.

கடைசி ரயில்:

பயணமும் பள்ளியும் என் பங்கு.

ஒன்-நார்த்துக்கு சிராங்கூனில் வட்டப் பாதைக்கு மாறினால் போதும். ஊட்ரம் பார்க் வடகிழக்குப் பாதையிலேயே இருக்கிறது. ஆக நான்கு ஊருமே ஒரே கம்பியில் கோத்தவைதான். சிராங்கூனுக்கு ஹவ்காங்கிலிருந்து 2 நிறுத்தம், புவாங்கோக்கிலிருந்து 3, செங்காங்கிலிருந்து 4, பொங்கோலிலிருந்து 5. இந்த வித்தியாசம் சில நிமிடங்கள்தான், அதற்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். நேரத்தைத் தின்பது எல்ஆர்டி, அதாவது பேட்டைக்குள் ஓடி எம்ஆர்டியோடு இணையும் சிறு ரயில். எம்ஆர்டிக்கு நடக்கும் தூரத்தில் வீடா, எல்ஆர்டி பிடித்து வர வேண்டிய வீடா என்பதுதான் கேள்வி. "நிலையத்துக்கு 3 நிமிடம்" என்ற விளம்பரம் பெரும்பாலும் எல்ஆர்டி நிலையத்தைச் சொல்லும். ஏறி, காத்திருந்து, இறங்கி, மேடை மாறுவதையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். காலையில் உட்கார்ந்து போக ஆசை என்றால் பொங்கோல் பக்கம்தான் வாய்ப்பு. ஹவ்காங்கில் ஏறுகிறவர்கள் நின்றுகொண்டுதான் போவார்கள்.

குறுக்குத் தீவுப் பாதையின் முதல் கட்டம் 2030இல் திறக்கத் திட்டம், ஹவ்காங் சந்திப்பு நிலையமாகும். பொங்கோல் நீட்டிப்பு 2032இல். அதற்கான விலை இப்போதே வீட்டில் ஏறியிருக்கும். உங்கள் இருவர் வேலையிடத்துக்கும் அது அவ்வளவாக உதவாது, பிறகு ஏன் கூடுதல் பணம்?

பள்ளி: குடிமக்கள் பிள்ளைகளுக்கு முன்னுரிமை 1 கி.மீ.க்குள், பிறகு 1-2, பிறகு அதற்கு மேல். 2022 பதிவிலிருந்து தூரம் பள்ளி நிலத்தின் எல்லையிலிருந்து அளக்கப்படுகிறது. ஒன்மேப் இணைய வரைபடத்தில் பள்ளிப் பெயரைப் போட்டால் எந்த புளோக் எந்த வளையத்தில் என்று காட்டும். அந்த முகவரியில் பதிவு தொடங்கும் நாளிலிருந்து 30 மாதம் குடியிருக்க வேண்டும். உங்களுக்குப் பதிவு 2028 நடுவில். ஆக 2030 கடைசிவரை அசைய முடியாது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொன்று. எஸ்ஏபி (சிறப்பு உதவித் திட்ட) பள்ளிகளில் தாய்மொழிப் பாடம் சீனம் மட்டும். ஹவ்காங் பக்கம் ஹோலி இன்னசண்ட்ஸ் தொடக்கப்பள்ளி அப்படிப்பட்டது. "நல்ல பள்ளிக்கு 1 கி.மீ.க்குள்" என்று முகவர் விலையேற்றினால் எந்தப் பள்ளி என்று கேளுங்கள், தமிழ் படிக்கும் பிள்ளைக்கு அந்த வளையத்தால் பயனில்லாமல் போகலாம். மற்றப் பள்ளிகளிலும் தமிழ் வகுப்பு பள்ளிக்குள்ளேயே நடக்கிறதா என்று அலுவலகத்தைக் கேட்டுவிடுங்கள்.

தேக்காவை (லிட்டில் இந்தியா வட்டாரத்தை) வைத்து ஊரைத் தேர்ந்தெடுப்பவர்கள் உண்டு. நான்கு ஊரிலிருந்தும் லிட்டில் இந்தியாவுக்கு ஒரே ரயில், மாறவே வேண்டாம்.

பூவரசு:

அனைவருக்கும் மிக்க நன்றி. ஒரு சந்தேகம். ஊரில் மனைவியின் தாத்தா வீட்டில் அவருக்கும் ஒரு பங்கு இருக்கிறது. மானியத்துக்கு அது குறுக்கே நிற்குமா?

குத்தகைக்காரன்:

நிற்கும். மானிய விதியில் உள்நாடு, வெளிநாடு என்ற பேதம் இல்லை. பரம்பரையாக வந்த பங்கும் சொத்துதான். விண்ணப்பத்துக்கு முந்திய 30 மாதத்தில் விற்றிருந்தாலும் கணக்கில் வரும். தகுதிக் கடித விண்ணப்பத்தில் உள்ளபடி எழுதுங்கள். பங்கு எவ்வளவு, எந்த ஆண்டு, யார் பெயரில் பட்டா என்ற தாள்களோடு வீவகவிடம் முதலிலேயே கேட்டு, பதில் வந்தபின் வீடு பாருங்கள். "ஊர்ச் சொத்து இவர்களுக்கு எப்படித் தெரியும்" என்று சொல்கிறவர்களை நம்பவேண்டாம்.

மேற்கு வெயில்:

வீடு பார்க்கப் போகும்போது மட்டும் கவனிக்க வேண்டியவை. மாலை 4 மணிக்குப் பிறகு ஒருமுறை போங்கள். மேற்கு பார்த்த படுக்கையறைச் சுவரில் உள்ளங்கையை வைத்தாலே தெரிந்துவிடும். முகவர்கள் காலை நேரத்தையே கொடுப்பார்கள்.

குளியலறைக் கூரையை அண்ணாந்து பாருங்கள். மஞ்சள் கறை, உரிந்த சாயம் இருந்தால் மேல்வீட்டுத் தரையில் நீர்த்தடுப்பு போய்விட்டது. பழுதுபார்க்க மேல்வீட்டாரும் சம்மதிக்க வேண்டும். வீவகவின் உதவித் திட்டத்தில் சேர்ந்தால் பாதிச் செலவை வீவக ஏற்கும், மீதி மேல்வீட்டுக்கும் கீழ்வீட்டுக்கும் கால்கால் பங்கு. விலை பேசும்போது அதையும் பேசுங்கள்.

ஹவ்காங்கில் பாய லேபார் விமானத் தளத்தின் போர் விமானச் சத்தம் வாரநாட்களில் கேட்கும். தளம் இடம்பெயர்வது 2030களிலிருந்துதான். சனி, ஞாயிறு மட்டும் வீடு பார்த்தால் இது தெரியாமலே போகும்.

சன்னலுக்கு வெளியே காலி நிலம் தெரிந்தால் நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் பெருந்திட்ட வரைபடத்தில் அந்த மனையைத் தட்டிப் பாருங்கள். பூங்கா என்று இருந்தால் சரி. குடியிருப்பு என்று இருந்து பக்கத்தில் 3.0 போன்ற எண் இருந்தால், மனைப் பரப்பைப் போல மூன்று மடங்கு தளப்பரப்பு எழும்பலாம் என்று பொருள். காற்றும் போகும், சில வருடம் பைலிங் சத்தமும் வரும். "ரிசர்வ் சைட்" என்று இருந்தால் என்ன வரும் என்று இன்னும் முடிவாகவில்லை. அப்படிப்பட்ட புளோக்கில் "தடையில்லாக் காட்சி" என்று கூடுதல் விலை சொன்னால் அந்தத் தொகையைக் கழித்துவிட்டுப் பேசுங்கள்.