நாள் முழுக்க தமிழ் டைப்பிங் வேலை, சுண்டுவிரல் மரத்துப் போகுது, எந்த கீபோர்டு வாங்கலாம்?

வைகைக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். மதுரையில ஒரு டிடிபி சென்டர்ல வேலை பாக்குறேன். காலையில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் டைப்பிங்தான், பத்திரிகை, ஸ்கூல் கொஸ்டின் பேப்பர், அப்புறம் வயசானவங்க நோட்டு நோட்டா எழுதிக் கொண்டுவர்ற கையெழுத்துப் பிரதி. இன்ஸ்டிட்யூட்ல தமிழ் டைப்ரைட்டிங் பரீட்சை லோயர் ஹையர் ரெண்டும் முடிச்சிருக்கேன், அதனால எந்த கீயில எந்த எழுத்துங்கிற பழைய டைப்ரைட்டர் லேஅவுட்லதான் கை ஓடும்.

கொஞ்ச மாசமா வலது கை சுண்டுவிரலும் மோதிரவிரலும் மரமரன்னு இருக்கு, மணிக்கட்டுல சுண்டுவிரல் பக்கமா வலியும் இருக்கு. இப்போ இருக்கிறது சாதா ரப்பர் கீபோர்டு, எழுத்தெல்லாம் அழிஞ்சு சில கீயெல்லாம் ஓங்கி அழுத்தினாத்தான் விழுது. ஓனர் புதுசு வாங்கித் தர்றேன்னுட்டாரு, 4000 ரூபா வரைக்கும் பரவால்லன்னு சொல்றாரு. பில்லு போடறதும் நான்தான், அதனால நம்பர் பேட் வேணும். மெக்கானிக்கல் வாங்கினா கைக்கு நல்லதுன்னு சிலர் சொல்றாங்க, நடுவுல வளைஞ்சு பிரிஞ்சிருக்கிற எர்கோ கீபோர்டுதான் சரின்னு சிலர் சொல்றாங்க, பழகினவங்க யாராச்சும் விளக்கமா சொல்லுங்களேன்.

ஸ்விட்ச்_சேகர்:
அக்கா, முதல்ல ரப்பர் கீபோர்டுக்கும் மெக்கானிக்கலுக்கும் என்ன வித்தியாசம்னு சொல்லிடறேன். ரப்பர்ல கீ அடிவரைக்கும் போய் தரை தட்டினாத்தான் எழுத்து விழும், அதுவும் பழசாயிட்டா ரப்பர் தளர்ந்து இன்னும் ஓங்கி அடிக்க வேண்டி வரும், உங்களுக்கு இப்ப நடக்கிறது அதான். மெக்கானிக்கல்ல ஒவ்வொரு கீக்கும் அடியில தனி ஸ்பிரிங், செர்ரி கம்பெனி மாதிரி ஸ்விட்ச்ல மொத்தம் 4 மில்லிமீட்டர் இறங்கும், ஆனா 2 மில்லிமீட்டர் இறங்கினதுமே எழுத்து விழுந்துடும், மீதி தூரம் அழுத்தவே தேவையில்ல. ஸ்விட்ச் ரகத்தை கலர் வச்சுத்தான் சொல்வாங்க, ரெட் ஸ்விட்ச்சுக்கு 45 கிராம் அழுத்தம் போதும், ப்ரவுன் 55 பக்கம், ப்ளூ 60 பக்கம். ப்ளூல டிக் டிக்னு சத்தம் வரும், ப்ரவுன்ல எழுத்து விழுற இடத்துல விரலுக்கு ஒரு சின்ன தட்டு தெரியும், ரெட்ல ஒண்ணும் தெரியாது, வழுக்கிட்டு போகும்.

டிவிஎஸ் கோல்டு நம்ம ஊர்ல பில்லிங் கவுண்டர்லயும் டைப்பிங் சென்டர்லயும் பாத்திருப்பீங்க, ப்ளூ ரக ஸ்விட்ச், நம்பர் பேடோட வரும், உங்க பட்ஜெட்டுக்குள்ள அடங்கும், வருஷக்கணக்கா உழைக்கும். ஆனா நாள் முழுக்க அடிக்கிற, ஏற்கனவே கை வலி இருக்கிற ஒருத்தருக்கு அதை நான் சொல்ல மாட்டேன். ஸ்விட்ச் கனம், கீபோர்டும் உயரம், சத்தத்துல பக்கத்து சீட்காரங்க பாவம். ப்ரவுன் இல்ல ரெட் போட்ட ஃபுல் சைஸ் கீபோர்டு பாருங்க, ஹாட் ஸ்வாப்னு எழுதியிருந்தா இன்னும் நல்லது, சால்டரிங் இல்லாமலே ஸ்விட்ச்ச புடுங்கி வேற போட்டுக்கலாம், பிடிக்கலன்னா கீபோர்டையே மாத்த வேண்டாம், ஒரே ஒரு கீ கெட்டுப் போனாலும் அதை மட்டும் மாத்தினா போதும்.

இன்னொண்ணு, டைப்ரைட்டர் மெஷின்ல கத்துக்கிட்டவங்க எல்லாருமே கீய குத்துவாங்க, அங்க எழுத்துத் தண்டு எழும்பி பேப்பர்ல அடிக்கணுமே, வேற வழியில்ல. எவ்ளோ லேசான ஸ்விட்ச் வாங்கினாலும் அதே வேகத்துல குத்தினா அந்த அடி விரல் மூட்டுக்குத்தான் போகும். ப்ரவுன்ல அந்த தட்டு தெரிஞ்சதும் விரல தூக்கிடணும்னு பழகுங்க, முதல் வாரம் வேகம் குறையும், குறையட்டும்.

சுபா_பிசியோ:
நான் பிசியோதெரபிஸ்ட், கீபோர்டு பத்தி எனக்கு சேகர் அளவுக்குத் தெரியாது, ஆனா சிஸ்டர் நீங்க சொன்ன அந்த ரெண்டு விரல் முக்கியமான தகவல். கம்ப்யூட்டர்ல கை மரத்தாலே கார்பல் டனல்னு எல்லாரும் முடிவு பண்ணிடறாங்க. கார்பல் டனல்ல மணிக்கட்டு நடுவுல போற மீடியன் நரம்பு அழுந்தும், அப்போ கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிரவிரல்ல பாதி, இவ்ளோதான் மரக்கும், சுண்டுவிரலுக்கு ஒண்ணும் ஆகாது. சுண்டுவிரலும் மோதிரவிரலும் சேர்ந்து மரத்தா அது அல்நார் நரம்பு, அது முழங்கைக்கு உள்பக்கம் எலும்பை ஒட்டி வருது, முழங்கையை எங்கயாச்சும் இடிச்சா கரண்ட் அடிச்ச மாதிரி சுருக்குனு இழுக்குமே, அதே நரம்புதான். மேஜை விளிம்புலயோ சேர் கைப்பிடியிலயோ முழங்கைய ஊனி வேலை பாத்தா அங்க அழுந்தும். ராத்திரி கைய மடக்கி தலைக்கு அடியில வச்சு தூங்கினாலும், போனை காதுல வச்சு மணிக்கணக்கா பேசினாலும் அழுந்தும். கழுத்துல இருந்தும் இதே மாதிரி வரலாம்.

அதனால கீபோர்டு மாத்துறதுக்கு முன்னாடி உங்க முழங்கை எங்க இருக்குன்னு பாருங்க. மேஜை எவ்ளோ உயரம், உங்க உயரம் எவ்ளோ? பிரதிய எங்க வச்சுப் பாத்து அடிக்கிறீங்க?

ஒரு டாக்டர்கிட்டயும் காட்டிடுங்க, எலும்பு டாக்டரோ நரம்பு டாக்டரோ, தேவைப்பட்டா நரம்புல கரண்ட் வேகம் பாக்குற டெஸ்ட் எழுதித் தருவாங்க. சுகரும் தைராய்டும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க, ரெண்டுமே நரம்பை பாதிக்கும். பிடி தளர்ந்து பொருள் கைநழுவுது, இல்ல கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்கிற சதை வத்துதுன்னா தள்ளிப் போடவே போடாதீங்க.

வைகைக்கரை:
சுபா மேடம் ரொம்ப நன்றி. நான் அஞ்சடிக்குக் கொஞ்சம் மேல. மேஜை சாதாரண ஆபீஸ் மேஜைதான், டேப் வச்சுப் பாத்தேன், 75 செ.மீ. வருது. பிரதிய இடது பக்கம் மேஜை மேலயே படுக்க வச்சுத்தான் பாப்பேன். ரெண்டு முழங்கையும் மேஜை மேலதான் இருக்கும், அந்த உயரத்துக்கு வேற எப்படி வைக்கிறதுன்னு தெரியல.

சுபா_பிசியோ:
அப்போ மேஜை உங்களுக்கு உயரம் சிஸ்டர். சேர்ல உக்காந்து கைய தொங்க விட்டு முழங்கைய மடக்கினா கை தரைக்கு சமமா எந்த உயரத்துல வருதோ அங்கதான் கீபோர்டு இருக்கணும், உங்க உயரத்துக்கு அது 75-க்கு நல்லாவே கீழதான் வரும். சேரை ஏத்துங்க, கால் தொங்கும், அதுக்கு உங்க சென்டர்ல இருக்கிற ஏ4 பேப்பர் பண்டல் ரெண்டை கீழ வச்சா போதும். சேர் ஏறாத டைப்னா மேஜைக்கு அடியில இழுக்குற கீபோர்டு ட்ரே ஆசாரிகிட்ட சொல்லி அடிச்சுக்கலாம். முழங்கை எதுலயும் ஊனாம, உடம்பை ஒட்டி தொங்கணும். பிரதிய ஸ்கிரீன் பக்கத்துல ஒரு ஸ்டாண்டு வச்சு நிமித்தி வையுங்க, கழுத்து ஒரே பக்கம் திரும்பியே இருக்கிறது நல்லதில்ல.

அப்புறம் கீபோர்டுக்கு பின்னாடி ரெண்டு குட்டிக் கால் இருக்கும்ல, அதை மடக்கி விட்டுடுங்க. அதைத் தூக்கி வச்சா மணிக்கட்டு மேல்பக்கமா வளையும், வளைய வளைய உள்ள அழுத்தம் கூடும். கீய பாத்துப் பாத்து அடிக்கிறவங்களுக்குத்தான் அந்தச் சரிவு உதவும், நீங்க பாக்காம அடிக்கிறவங்க.

ஸ்விட்ச்_சேகர்:
சுபா மேடம் சொன்னதோட இதையும் சேத்துக்குங்க. மெக்கானிக்கல் கீபோர்டுக்கு முன்விளிம்பே உயரம், அதனால முன்னாடி அதே உயரத்துக்கு ஒரு பாம் ரெஸ்ட், அதாவது கை வைக்கிற திண்டு வைக்கணும். உள்ளங்கையோட அடிச்சதைதான் அதுல படணும், மணிக்கட்டு படக்கூடாது, அதுவும் டைப் பண்ணாம நிறுத்தி இருக்கும்போது மட்டும். அடிக்கும்போது கை மிதக்கணும்.

எர்கோ பத்தி கேட்டீங்க. ரெண்டா பிரிக்கிற ஐடியா பழசு, மைக்ரோசாஃப்ட் 1994-லயே நேச்சுரல் கீபோர்டுன்னு போட்டாங்க. நேர் கீபோர்டுல ரெண்டு கையும் நடுவுல வந்து சேரும்போது மணிக்கட்டு சுண்டுவிரல் பக்கமா வெட்டித் திரும்பும், உங்களுக்கு வலிக்கிற பக்கம் அதே பக்கம்தான். பிரிச்சு வச்சா கை நேரா இருக்கும். லாஜிடெக் எர்கோ கே860 அந்த வகை, முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தாழற மாதிரி வைக்க கீழயே கால் இருக்கு, ஆனா விலை உங்க பட்ஜெட்டை ரொம்பவே தாண்டிடும். அதே கம்பெனியோட வேவ் கீஸ் அதைவிட குறைவு, லேசான வளைவுதான், பிரிவு இல்ல, ஆனா நம்பர் பேட் இருந்தும் அகலம் கம்மி.

அந்த அகலம் ஒரு பெரிய விஷயம். நம்பர் பேட் வலது பக்கம் நீட்டிக்கிட்டு இருந்தா மவுஸ் அதுக்கும் அந்தாண்ட போயிடும், நாள் பூரா வலது கை விரிஞ்சே இருக்கும். முதல்ல ஃபுல் சைஸ்னு சொன்னேன், ஆனா இப்ப என்னைக் கேட்டா நம்பர் பேட் இல்லாத கீபோர்டு ஒண்ணு, தனியா யுஎஸ்பி நம்பர் பேட் ஒண்ணு வாங்கி இடது பக்கம் வையுங்க, பில் போடும்போது மட்டும் முன்னாடி இழுத்துக்கலாம். ரெண்டும் சேத்து 4000-க்குள்ள முடிச்சுடலாம்.

தட்டச்சு_பெரியசாமி:
தங்கச்சி, நான் டிடிபில முடி நரைச்சவன். எல்லாரும் கீபோர்டைப் பத்தியே பேசுறாங்க, லேஅவுட்டைப் பத்தி ஒருத்தரும் பேசலியே. டைப்ரைட்டர் லேஅவுட்ல முதல் பாடமா யளனகபகன்னு அடிச்சுப் பழகினவங்களுக்குத் தெரியும், அதுல புள்ளி வலது சுண்டுவிரல்ல. தமிழ்ல புள்ளி இல்லாம ஒரு வரி உண்டா? அதோட ஷிஃப்ட் வேற, அதுவும் சுண்டுவிரல்தான். இருக்கிறதுலயே பலமில்லாத விரலுக்கு இவ்ளோ வேலை.

தமிழ் 99 லேஅவுட்டுக்கு மாறிப் பாருங்க. 1999-ல சென்னையில தமிழ்நெட் மாநாடு நடந்தப்ப வந்தது, அரசாங்கமே ஏத்துக்கிட்டது. உயிரெழுத்தெல்லாம் இடது கை, மெய் பெரும்பாலும் வலது கை, அதனால ரெண்டு கையும் மாறி மாறி ஓடும். புள்ளி இடது ஆள்காட்டி விரல்ல இருக்கு, அதையும் பாதி நேரம் தொட வேண்டாம். அ, ம, ம, ஆ அடிச்சா அம்மான்னு தானா வரும். ந்த, ங்க, ம்ப, ண்ட இதுக்கெல்லாமும் புள்ளி தானா விழும். தமிழ் எழுத்துக்கு ஷிஃப்ட் கிட்டத்தட்ட தேவையே இல்ல, கிரந்தத்துக்குத்தான். விண்டோஸ்லயே இருக்கு, பைசா செலவில்ல.

வைகைக்கரை:
அண்ணா, இத்தனை வருஷ வேகம் போயிடுமேன்னு பயமா இருக்கு, ஒரு புத்தகம் வேற பாதியில நிக்குது.

தட்டச்சு_பெரியசாமி:
கையில இருக்கிற புத்தகத்தை பழைய லேஅவுட்லயே முடிங்க, அவசர வேலையில மாத்தாதீங்க. வீட்டுல ராத்திரி கால் மணி நேரம், அதுவும் கை வலிக்காத அன்னிக்கு மட்டும், தமிழ் 99-ல நாலு வரி அடிங்க. விரல் தானா எழுத்தைத் தேடிப் போற வரைக்கும் சென்டர்ல தொடாதீங்க. ஒண்ணு கவனிங்க, இன்னும் பழைய எழுத்துரு கேக்குற அச்சகம் இருந்தா யூனிகோடுல அடிச்சு கன்வெர்ட்டர்ல மாத்திக் குடுக்கணும், ஓனர்கிட்ட முன்னாடியே சொல்லிடுங்க.

வைகைக்கரை:
சரிங்கண்ணா. இன்னைக்கே சேரை ஏத்தி பேப்பர் பண்டல் வச்சாச்சு, கீபோர்டு கால மடக்கிட்டேன், தோள்பட்டை இறங்கின மாதிரி இருக்கு. டாக்டரைப் பாத்துட்டு கீபோர்டு வாங்கறேன். சேகர் தம்பி, ப்ரவுனா ரெட்டான்னு கடையில அழுத்திப் பாத்து வாங்க முடியுமா?

ஸ்விட்ச்_சேகர்:
சென்னை வந்தா ரிச்சி ஸ்ட்ரீட்ல டிஸ்ப்ளேல வச்சிருக்கிற கடைங்க இருக்கு அக்கா, ஒரு கீயத் தட்டிப் பாத்துட்டு வந்துடாதீங்க, நின்னு ஒரு பாரா அடிச்சுப் பாருங்க, சுண்டுவிரல் என்ன சொல்லுதுன்னு கவனிங்க. வர முடியலன்னா ஆன்லைன்ல திருப்பி எடுத்துக்கிற மாதிரி இருக்கான்னு பாத்து ப்ரவுன் ஆர்டர் போடுங்க, பெட்டியைத் தூக்கிப் போட்டுடாதீங்க.