மறு: மறு: ‘மாஸ்க் லைக் ஃபேஸ்’க்கு திங்கக்கெழமைக்குள்ள ஒரு சொல் வேணும்

வணக்கம். தாராவியிலேர்ந்து மோபியஸ் சிண்ட்ரோம் உள்ள மூணு வயசுப் பையன் எங்கிட்ட ஃபிசியோவுக்கு வர்றான். ஆறாவது, ஏழாவது மூளை நரம்பு பிறவியிலயே சரியா வளரலை, அதனால முகத்துல சிரிப்பு வராது, கண்ணு பக்கவாட்டுல திரும்பாது, முழுசா மூடவும் மூடாது. வீட்டுப் பயிற்சியை ஒரு பக்கம் தமிழ்ல எழுதி திங்கக்கெழமை ஜெராக்ஸ் போடணும். இப்படி அசையாத முகத்தை இங்கிலீஷ்ல ‘மாஸ்க் லைக் ஃபேஸ்’ம்பாங்க, அதை ‘முகமூடி முகம்’னு எழுதியிருந்தேன், அந்தம்மா படிச்சிட்டு “எம்புள்ள என்ன திருடனா”ன்னு கேட்டுட்டாங்க.
– மாட்டுங்கா

> முகமூடி முகம்
தங்கச்சி, மோபியஸ்ங்கிற டாக்டர் 1888ல இந்த நோயைப் பத்தி எழுதுறதுக்கு எவ்வளவோ முன்னாடியே, உள்ள இருக்கிற உணர்ச்சி உடம்புல தெரியுறதை தொல்காப்பியர் மெய்ப்பாடுன்னு சொல்லிட்டார், நகை அழுகை இளிவரல்னு எட்டு. அது இல்லைன்னா ‘மெய்ப்பாடின்மை’, அவ்வளவுதான். ‘படு’ங்கிற வேர்தான் பாடு ஆச்சு, வெளிப்பாடு, புலப்பாடு, ஏன், சித்த வைத்தியத்துல பெரும்பாடுன்னு ஒரு நோயே இருக்கு...
– செம்பூர்

அண்ணே, பெரும்பாட்டை விடுங்க. மெய்னா உடம்பு முழுக்க. அந்தப் பையன் சந்தோஷம் வந்தா கால உதைப்பான், கை தட்டுவான், மெய்ப்பாடு அவங்கிட்ட நெறையவே இருக்கும், ‘கடுத்தது காட்டும் முகம்’, அதாவது மனசுல மிகுந்தது முகத்துல தெரியும்ங்கிற வள்ளுவர் கணக்குதான் இங்க செல்லாது. இன்மைன்னு போட்டா உணர்ச்சியே இல்லாத புள்ளைன்னு பள்ளிக்கூடத்துல முடிவு கட்டிருவாங்க. ‘முகம் அசையாமை’ போதும்.
– தாணே

> முகம் அசையாமை
இது சொல்லா, பேச்சா? கட்டு வேணாமா? ‘முகவசைவின்மை’ன்னு சேர்த்து எழுதுங்க.
– செம்பூர்

சேர்த்து எழுதினா ‘வசை’தான் முதல்ல கண்ணுல படுது. மூஞ்சிக்கு நேரா திட்டுற மாதிரி.
– தாணே

எனக்கு வேற கவலை. என்ன சொல் போட்டாலும், பயிற்சி பண்ணினா சிரிப்பு வந்துரும்னு வீட்ல நம்பக்கூடாது. நரம்பு எட்டாத தசை, கண்ணாடி முன்னாடி நூறு தடவை ‘ஈ’ன்னாலும் அசையாது, தொடைத்தசையை எடுத்து கன்னத்துல வைக்கிற ஆபரேஷன் தனிக்கதை. நாங்க பாக்குறது உதட்டை விரலால சேர்த்துத் தாங்குறது, எச்சில் ஒழுகாம முழுங்குறது, அப்புறம் உட்கார்றது. உடம்பு தொளதொளன்னு இருக்கு, கண்ணு திரும்பாததால எதைப் பாக்கவும் கழுத்தையே திருப்புறான், அப்ப உடம்பே ஒரு பக்கமா சாஞ்சிருது, காலுக்கடியில பலகை போட்டாத்தான் முதுகு நிமிருது. ‘அசையா முகம்’னு போட்டு அனுப்பிரட்டுமா?
– மாட்டுங்கா

சரி.
– தாணே

அனுப்புங்க, ஜெராக்ஸ் கடை மூடிருவான். ஆனா அசையாச் சொத்து, அசையா முகம்... பத்திரம் எழுதுற மாதிரி இருக்கு. மெய்ப்பாட்டை நான் விடல, அடுத்த வாரம் தனி இழை தொடங்குறேன்.
– செம்பூர்