இடுப்பில் மறைத்து வைக்கச் சின்ன பிஸ்டல்: தோட்டா அளவு .380-ஆ, 9 மி.மீ.-ஆ?

கேள்வி: டெக்சாஸில் தினமும் சட்டைக்குள் வைத்துக்கொள்ள செமி ஆட்டோமேட்டிக் தேடுகிறேன். கை சின்னது, ஸ்லைடு (பிஸ்டலின் மேல் நகரும் பகுதி) இழுப்பது சிரமம். ரூகர் எல்சிபி மேக்ஸா, சிக் பி365-ஆ?

பதில் 1: எல்சிபி மேக்ஸ் .380, சுமார் 300 கிராம். பாக்கெட்டில் தெரியவே தெரியாது. ஆனால் எடை குறையக் குறைய உதை கையில் இறங்கும். கை வலித்தால் பயிற்சி நின்றுபோகும். பி365 9 மி.மீ., சுமார் 500 கிராம், அகலம் ஒரு அங்குலம், 10+1 (மேகசினில் 10 தோட்டா, குழலில் ஒன்று). 9 மி.மீ. தோட்டா விலையும் குறைவு. என் ஓட்டு இதற்கே.

பதில் 2: ஸ்லைடை விரல் நுனியால் கிள்ளி இழுக்காதீர்கள். மேலிருந்து முழுக் கையால் பிடித்து, பிடியை மற்ற கையால் முன்னே தள்ளுங்கள். குழல் எப்போதும் பாதுகாப்பான பக்கம். அப்படியும் முடியாவிட்டால் ஸ்மித் அண்ட் வெஸனின் ஷீல்ட் இஇசட் .380, ஸ்பிரிங் இளக்கம், உருவம் சற்றுப் பெரிது.

பதில் 3: டிரிக்கர் கார்டை (டிரிக்கரைச் சுற்றிய வளையம்) முழுசாக மூடும் கெட்டியான கைடெக்ஸ் (கடின பிளாஸ்டிக்) ஹோல்ஸ்டர் கட்டாயம். ஹோல்ஸ்டரில் செருகும்போது சட்டை நுனி உள்ளே சிக்கினால் அதுவே டிரிக்கரை அழுத்திவிடும், மெதுவாகப் பார்த்துச் செருகுங்கள். சுடும்போது மணிக்கட்டு தளர்ந்தால் காலித் தோட்டா உறை ஸ்லைடில் செங்குத்தாக மாட்டும்.

இன்னொன்று: தினமும் இறக்கி அதே தோட்டாவை மறுபடி ஏற்றினால் குண்டு தோட்டா உறைக்குள் அமுங்கி, சுடும்போது அழுத்தம் ஏறும். புதிய தோட்டா பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள். குட்டையாகத் தெரிந்தால் அதைச் சுடவே கூடாது.