எச்செவேரியாவில் பஞ்சு, ஜேட் செடியில் புள்ளி, அடினியத்தில் வெளிறல்: மூன்றுக்கும் ஒரே மருந்து போதுமா?

தாம்பரம்_பால்கனி:

வணக்கம். கிழக்குப் பார்த்த பால்கனியில் சில சதைப்பற்றுச் செடிகளைத் தொட்டிகளில் வளர்த்து வருகிறேன். எச்செவேரியாவின் நடுக்குருத்திலும், அடியிலைகள் தண்டோடு சேரும் இடுக்குகளிலும் பஞ்சுத் துணுக்குகளாக வெள்ளையாய் ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது. புதிதாக வரும் இலைகள் சுருங்கி, ஒருபக்கமாகத் திருகிக்கொண்டு வருகின்றன. இலைமேல் கை வைத்தால் பிசுபிசுக்கிறது. கருப்பு எறும்புகளும் சாரைசாரையாக ஏறி இறங்குகின்றன. அதற்குப் பக்கத்தில் இருக்கும் ஜேட் செடியின் இலைகளில், விளிம்பை ஒட்டினாற்போல, மிகச் சிறிய வெள்ளைப் புள்ளிகள் வரிசையாகத் தெரிகின்றன. ஆனால் அந்தச் செடி வாடவில்லை, அதில் எறும்பும் ஏறவில்லை. அடினியத்தின் கதை வேறு: இலைகள் பளபளப்பை இழந்து, மேற்புறம் முழுவதும் நுண்ணிய வெளிர்மஞ்சள் புள்ளிகள் விழுந்து, ஒவ்வொன்றாக உதிர்கின்றன.

செடி வாங்கிய நர்சரியில் விசாரித்தபோது, எல்லாம் மாவுப்பூச்சிதான் என்றும், வேப்பெண்ணெயோடு பாத்திரம் கழுவும் திரவத்தைக் கலந்து எல்லாத் தொட்டிகளுக்கும் தெளித்துவிடும்படியும் சொன்னார்கள். வீட்டில் தவழும் குழந்தை இருப்பதால் கடும் பூச்சிமருந்துகளைத் தவிர்க்க விரும்புகிறேன். செடிகளுக்கு ஊற்றுவது ஆழ்துளைக் கிணற்று நீர்தான். மூன்று செடிகளுக்கும் வந்திருப்பது ஒரே பூச்சிதானா, ஒரே மருந்து போதுமா என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

கள்ளிப்பிரியர்:

வணக்கம். நீங்கள் எழுதியிருப்பதை வைத்துப் பார்த்தால், மூன்று செடிகளிலும் இருப்பது மூன்று வெவ்வேறு விஷயங்கள். அவற்றில் ஒன்று பூச்சியே அல்ல.

எச்செவேரியாவில் இருப்பது மாவுப்பூச்சி என்பதில் ஐயமில்லை. பஞ்சு, பிசுபிசுப்பு, எறும்பு ஆகிய மூன்றும் ஒன்றாகத் தெரிந்தால் வேறு எதையும் சந்தேகிக்க வேண்டியதில்லை. பூச்சி செடியின் சாற்றை உறிஞ்சித் தேவைக்கு மிஞ்சிய சர்க்கரையைத் தேன் போன்ற கழிவாக வெளியேற்றுகிறது. எறும்புகள் வருவது அதற்காகத்தான். நாளடைவில் அந்தப் பிசுபிசுப்பின்மேல் கரும்பூசணம் படரும். உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமானால், ஒரு துணுக்கைப் பல்குத்தும் குச்சியால் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்து நசுக்கிப் பாருங்கள். வெறும் தூசியாக இருந்தால் பொடியாகும். மாவுப்பூச்சியாக இருந்தால் மஞ்சளாகவோ செம்மஞ்சளாகவோ ஈரக் கறை விழும்.

ஜேட் செடியை மட்டும் விட்டுவிடுங்கள். அதன் இலைப்பரப்பில் நீரைக் கசியவிடும் நுண்துளைகள் இயற்கையாகவே உண்டு. ஆழ்துளைக் கிணற்று நீரில் சுண்ணாம்புச் சத்து அதிகமாக இருந்தால், கசிந்த நீர் ஆவியான பிறகு உப்பு மட்டும் அந்தத் துளைகளின் வாயில் வெள்ளைப் புள்ளியாக மிஞ்சும். புள்ளிகள் வரிசையாகவும், ஏறக்குறைய ஒரே அளவாகவும் இருப்பதே இதற்கு அடையாளம். பூச்சி இப்படி வரிசை பிடித்து உட்காருவதில்லை. நகத்தால் சுரண்டினால் மணல்போல நறநறவென்று உதிரும். வெள்ளை வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து, பஞ்சில் தொட்டு ஒரு புள்ளியின்மேல் வைத்தால் கரைந்துபோகும். பிறகு அந்த இலையை நல்ல தண்ணீரால் துடைத்துவிடுங்கள். ஒன்றுமில்லாத செடிக்கு மருந்தடித்து அதைக் கெடுத்த பலரை இந்தக் குழுவிலேயே பார்த்திருக்கிறோம்.

எச்செவேரியாவுக்கு மருந்துக்கடையில் கிடைக்கும் 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் போதும். கைகழுவும் ஜெல்லில் குழகுழப்பான பொருளும் வாசனையும் சேர்த்திருப்பதால் அது வேண்டாம். காது குடையும் பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் தோய்த்து ஒவ்வொரு பூச்சியின்மேலும் நேரடியாக வைத்தால், வெள்ளை மெழுகு கரைந்து, உள்ளே இருக்கும் உடல் பழுப்பாகத் தெரியும். அத்தோடு அது செத்துவிடும். முதலில் ஓர் அடியிலையில் மட்டும் தடவி, இரண்டு நாள் பொறுத்து, இலை கருகவில்லை என்றால் மற்ற இடங்களுக்குச் செல்லுங்கள். வெயில் இறங்கியபின், அடுப்பும் விளக்கும் இல்லாத இடத்தில் செய்யுங்கள். காய்ந்த அடியிலைகளை எல்லாம் உரித்தெடுத்துவிடுங்கள், அவற்றின் அடியில்தான் பெரும்பாலும் குஞ்சுகள் ஒளிந்திருக்கும். பூத்தண்டு இருந்தால் அதையும் தயங்காமல் வெட்டிவிடலாம்.

ஒருமுறை செய்ததும் வேலை முடிந்துவிடாது. ஒரு பெண்பூச்சி பஞ்சுப் பைக்குள் நூற்றுக்கணக்கில் முட்டையிடும். முட்டைகளுக்குள் ஆல்கஹால் எட்டாது. எனவே வாரம் ஒருமுறை, புதிய துணுக்கு எதுவும் தெரியாமல் போனபிறகும் இரண்டு மூன்று வாரங்கள், விடாமல் தேடித்தேடித் தொட வேண்டும்.

மாடித்தோட்டம்_மதுரை:

கள்ளிப்பிரியர் சொல்வது ஒன்றிரண்டு செடி வைத்திருப்பவர்களுக்குப் பொருந்தும். மாடி முழுக்கத் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பூச்சியாகப் பஞ்சுக்குச்சியால் தொட்டுக்கொண்டிருக்க முடியாது. லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயில் காதி சோப்புக் கரைசல் கொஞ்சம் சேர்த்து, பால்போலக் கலங்கும்வரை நன்றாகக் குலுக்கி, மாலையில் தெளித்தாலே போதும். என்னுடைய கத்தரியிலும் செம்பருத்தியிலும் மாவுப்பூச்சி கட்டுக்குள் இருப்பது இதனால்தான். நர்சரிக்காரர் சொன்னதில் பெரிய தவறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

பூச்சியியல்_படித்தவள்:

மதுரை நண்பர் சொல்லும் கரைசல் கத்தரிக்கும் செம்பருத்திக்கும் மிகப் பொருத்தமானதுதான். ஆனால் எச்செவேரியாவின் இலைமேல் சாம்பல் பூத்தாற்போல் ஒரு மெழுகுப்பூச்சு இருக்கிறது. வெயிலின் கடுமையிலிருந்தும் நீரிழப்பிலிருந்தும் இலையைக் காப்பது அதுவே. எண்ணெயும் சோப்பும் பட்டால் அந்தப் பூச்சு கரைந்துவிடும். முற்றிய இலையில் அது மறுபடி வளராது. மெழுகு போன இலையைச் சென்னையின் சித்திரை வெயிலில் வைத்தால் என்னவாகும் என்பதை விளக்கத் தேவையில்லை. ஆல்கஹாலும் தொட்ட இடத்தில் மெழுகை எடுக்கத்தான் செய்யும், ஆனால் சேதம் அந்தப் புள்ளியோடு நின்றுவிடும். ஜேட் செடி இன்னும் மென்மையானது: அது சேர்ந்த கிராசுலா இனத்துச் செடிகள் பூச்சிக்கொல்லி சோப்பையும் எண்ணெய்த் தெளிப்பையும் தாங்குவதில்லை, மாலத்தியான் என்ற பூச்சிமருந்து பட்டால் இலையைக் கொட்டிவிடும். பாத்திரம் கழுவும் திரவத்தை எந்தச் செடிக்குமே நான் சொல்லமாட்டேன்; அதிலுள்ள கிரீஸ் நீக்கியின் வேலையே மெழுகைக் கரைப்பதுதான். தொட்டிகள் அதிகமாக இருந்தால், 70 சதவீத ஆல்கஹால் ஒரு பங்குக்கு இரண்டு பங்கு தண்ணீர் சேர்த்துக் கைத்தெளிப்பானால் தெளிக்கலாம். அதையும் ஓர் இலையில் சோதித்துப் பார்த்த பிறகுதான்.

அடினியத்தில் இருப்பது சிலந்திப்பேனாக இருக்கும். உதிரும் நிலையில் உள்ள கிளைக்கு அடியில் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, கிளையை இரண்டு தட்டுத் தட்டுங்கள். தாளில் விழும் பொடியில் சில புள்ளிகள் மெதுவாக நகர்ந்தால் அவைதான். விரலால் தேய்த்தால் செம்பழுப்பாகக் கோடு விழும். முற்றிய நிலையில் இலைக்காம்பிடுக்கில் மெல்லிய நூலாம்படையும் தெரியும். இவை பூச்சிகளே அல்ல, எட்டுக்கால் உயிரிகள். வறண்ட வெப்பத்தில் வேகமாகப் பெருகுபவை. அதனால் முதல் சிகிச்சை தண்ணீர்தான். தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடிக் கட்டி, செடியைச் சாய்த்துப் பிடித்து, இலைகளின் அடிப்புறத்தில் விசையாகத் தண்ணீரைப் பீய்ச்சுங்கள். மூன்று நாளுக்கு ஒருமுறை என்று இரண்டு வாரம் செய்தால் பெரும்பகுதி போய்விடும். அப்படியும் அடங்காவிட்டால் நனையும் கந்தகத்தை (தண்ணீரில் கலந்து தெளிக்கும் கந்தகப் பொடி) லிட்டருக்கு 2 கிராம் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெப்பம் 32 பாகை செல்சியஸுக்கு மேல் உள்ள நாட்களில் அது இலையைக் கருக்கும் என்பதால், சென்னையில் அதற்கு ஏற்ற மாதங்கள் குறைவு. வேப்பெண்ணெய் தெளித்த செடியாக இருந்தால் இரண்டு மூன்று வாரங்கள் கழித்தே கந்தகம் பட வேண்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். வெள்ளையாக இருப்பதையெல்லாம் கொல்ல வேண்டாம். மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே, அவற்றைவிட இரண்டு மூன்று மடங்கு பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகள் தொங்க, சுறுசுறுப்பாக ஓடும் புழு ஒன்றைப் பார்த்தால் அதை விட்டுவிடுங்கள். அது கிரிப்டோலேமஸ் என்ற பொறிவண்டின் புழு, மாவுப்பூச்சியைத் தின்று வாழ்வது. ஆஸ்திரேலியாவிலிருந்து 1898ல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட வண்டு அது. எதிரிப் பூச்சியை விட்டு மாவுப்பூச்சியை அடக்கும் இந்த வழி நம் ஊரில் புதிதல்ல: 2008ல் கோயம்புத்தூரில் முதலில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மல்பெரி, மரவள்ளி என்று பரவி, தெளித்த மருந்துக்கெல்லாம் அடங்காமல் போனது, 2010ல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே முதலான ஒட்டுண்ணிக் குளவிகளைத் தருவித்து விட்ட பிறகே அடங்கியது. பால்கனியில் செம்பருத்தி இருந்தால் அதன் கொழுந்துகளை உடனே சோதியுங்கள். நகர வீடுகளில் சதைப்பற்றுச் செடிகளுக்கு மாவுப்பூச்சி வந்துசேரும் வழி பல சமயம் செம்பருத்திதான்.

தாம்பரம்_பால்கனி:

மூவருக்கும் மிக்க நன்றி. ஜேட் இலையின் புள்ளி வினிகரில் கரைந்துவிட்டது, எனவே அதைத் தொடப்போவதில்லை. அடினியத்துக்கு அடியில் வைத்த தாளில் புள்ளிகள் நகர்ந்தன. செம்பருத்தி உண்மையிலேயே பால்கனியின் மறுமூலையில் இருக்கிறது, அதன் கொழுந்துகள் சுருண்டு மாவு அப்பியிருக்கின்றன. எறும்புகள் அங்கிருந்துதான் கைப்பிடிச் சுவரோடு எச்செவேரியாவுக்கு வருகின்றன.

இதற்கிடையே, வளராமல் அப்படியே நிற்கும் ஒரு ஹவோர்த்தியாவைத் தொட்டியிலிருந்து உருவிப் பார்த்தேன். இலைகளில் எதுவும் இல்லை, ஆனால் வேர்களின்மேலும் தொட்டியின் உட்சுவரிலும் நீலம் கலந்த வெள்ளைப் பொடி திட்டுத்திட்டாக ஒட்டியிருக்கிறது. மண்கலவையில் பெர்லைட் போட்டிருக்கிறேன், அதுவாக இருக்குமா? மேலும், இமிடாகுளோபிரிட் என்ற மருந்தை மண்ணில் ஊற்றினால் எல்லாம் ஒரே தடவையில் போய்விடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார்.

கள்ளிப்பிரியர்:

பெர்லைட் கடினமான வெண்மணியாக இருக்கும், தனித்தனியாக எடுக்க வரும். தொட்டிச் சுவரில் திட்டாக ஒட்டாது. நீங்கள் சொல்வது வேர் மாவுப்பூச்சி. உருப்பெருக்கிக் கண்ணாடி இருந்தால் பொடிக்கு நடுவே அரிசிக் குருணையை விடச் சிறிய வெள்ளை உடல்கள் நகர்வதைக் காணலாம். ஹவோர்த்தியாவில் இது அடிக்கடி வருவது; இலையில் அடையாளமே காட்டாமல் செடி வெறுமனே நின்றுபோகும். பழைய மண் முழுவதையும் உதிர்த்து, வேர்களை ஓடும் தண்ணீரில் கழுவி, அழுகிய வேரையும் மெலிந்த வேரையும் வெட்டிவிடுங்கள். மீதி வேர்களை நீர்த்த ஆல்கஹாலால் நனைத்துத் துடைத்து, நிழலில் நான்கைந்து நாள் அப்படியே காயப்போடுங்கள். சதைப்பற்றுச் செடிக்கு இந்தப் பட்டினி ஒரு பொருட்டே இல்லை, பூச்சிக்கோ அதுவே முடிவு. பிறகு புதிய தொட்டியில் புதிய கலவையில் நட்டு, ஒரு வாரம் கழித்துத் தண்ணீர் விடுங்கள். ஒரே தட்டில் நின்று, ஒரு தொட்டியிலிருந்து வடிந்த நீர் மற்றொன்றுக்குப் போகும்படி வைத்திருந்தால், அந்தத் தட்டிலுள்ள அத்தனை தொட்டிகளையும் உருவிப் பார்த்துவிடுவது நல்லது.

எறும்பை நிறுத்தாமல் எச்செவேரியாவைச் சுத்தம் செய்வது வீண்வேலை. குஞ்சுகளை இடம் மாற்றுவதும், எதிரிப் பூச்சிகளை விரட்டுவதும் எறும்புகள்தான். தண்ணீர் நிரப்பிய தட்டில் ஒரு கல்லை வைத்து, அதன்மேல் தொட்டியை ஏற்றுங்கள். தொட்டியின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது, செடியின் இலை சுவரில் படக்கூடாது. கொசு முட்டையிடாதபடி இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றிவிடுங்கள். செம்பருத்திக்கு மதுரை நண்பரின் வேப்பெண்ணெய்க் கரைசலைத் தாராளமாகப் பயன்படுத்தலாம்.

பூச்சியியல்_படித்தவள்:

இமிடாகுளோபிரிட் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். வேர் வழியாகச் செடியின் சாறு முழுவதும் ஏறி, சாற்றை உறிஞ்சும் பூச்சியைக் கொல்லும் மருந்து அது. மாவுப்பூச்சியிடம் வேலை செய்யும். ஆனால் சிலந்திப்பேனை அது தொடாது. அது மட்டுமன்றி, அந்த மருந்து போட்ட செடிகளில் பேன்கள் முன்னைவிடப் பெருகுவதும் உண்டு என்பதால், உங்கள் அடினியத்தின் நிலை இன்னும் மோசமாகலாம். பூக்களின் தேனிலும் மகரந்தத்திலும் மருந்து கலந்து தேனீக்களைக் கொல்வதால், செம்பருத்திக்கும் அடினியத்துக்கும் அது ஆகாது. தவழும் குழந்தை கைக்கெட்டும் தொட்டி மண்ணில் அதை ஊற்றுவதற்கான அவசியம் எதுவும் நீங்கள் சொன்ன செடிகளில் எனக்குத் தெரியவில்லை. நான்கு செடிகள்தான், கைவேலையிலேயே முடிந்துவிடும்.

எச்செவேரியாவின் தலை மிகவும் சிதைந்திருந்தால், நலமாக உள்ள இலை ஒன்றிரண்டைத் தண்டோடு ஒட்டிய அடிப்பகுதி முழுமையாக வரும்படி கிள்ளி, ஆல்கஹாலால் துடைத்து, காய்ந்த மண்மேல் தனியாக வைத்துவிடுங்கள். தாய்ச்செடி போனாலும் அதிலிருந்து புதுக்கன்று வரும். புதிதாக வாங்கும் செடிகளையும் ஒரு மாதமாவது இவற்றிலிருந்து தள்ளி வையுங்கள். ஹவோர்த்தியாவிலிருந்து உதிர்த்த பழைய மண்ணைக் கறிவேப்பிலைத் தொட்டியிலோ உரக்குழியிலோ கொட்டாமல், பையில் இறுகக் கட்டிக் குப்பை வண்டியில் போட்டுவிடுங்கள்.