அஜைல் கோச்கள் 9 பேர், 90 நிமிடம்: என்ன பயிற்சி வைக்கலாம்?

வாளையார்க்காரன்:
பாலக்காட்டில் அஜைல் கோச்கள் (மென்பொருள் குழுக்களைச் சிறு சிறு சுற்றுகளாக வேலை செய்யப் பழக்குபவர்கள்) 9 பேர் மாதம் ஒருமுறை கூடுகிறோம். பாதிப்பேர் கோவையிலிருந்து ரயிலில் வருபவர்கள். 90 நிமிடம்தான் கிடைக்கும். ஸ்லைடு போட்டுப் பேசுவது சலித்துவிட்டது. ஒருவர் திறமையை மற்றவர் வளர்க்கிற மாதிரி ஏதாவது?

நொய்யல்:
ட்ரோய்க்கா கன்சல்டிங் வையுங்க. மூன்று மூன்று பேராக, நடுவில் மேசை இல்லாமல். ஒருவர் தன் சிக்கலை 2 நிமிடம் சொல்லணும். மற்ற இருவரும் 2 நிமிடம் விளக்கம் கேட்கணும். பிறகு சிக்கல்காரர் முதுகைத் திருப்பிக்கொள்ள, இருவரும் 5 நிமிடம் தங்களுக்குள் அலசணும். கடைசி 1 நிமிடம் அவர் திரும்பி, எது உதவியது என்று சொல்வார். மூன்று சுற்றுக்கு 30 நிமிடம். முதுகு திருப்புவதைக் கூச்சப்பட்டு விட்டுடாதீங்க. முகம் பார்த்தால் 'அதெல்லாம் செஞ்சாச்சு' என்று வாதாட ஆரம்பிச்சிடுவார்.

சித்தூர்ப்புழை:
மீதி நேரத்தில் அதே மூவர் கோச்சிங் பழகட்டும்: ஒருவர் கோச், ஒருவர் பேசுபவர், ஒருவர் பார்வையாளர். பார்வையாளர் கோச்சின் கேள்விகளை அப்படியே எழுதணும், கருத்து கூடாது. 'ரெட்ரோ வெச்சுப் பார்த்தீங்களா?' (ரெட்ரோ: வேலை எப்படிப் போச்சு என்று குழு திரும்பிப் பார்க்கும் கூட்டம்) என்பது கேள்விக்குறி போட்ட அறிவுரை. அதுக்கு வட்டம் போடுங்க. தமிழோ மலையாளமோ, வாய்க்கு வருகிற மொழியில் பேசட்டும்.

வாளையார்க்காரன்:
பத்தாவது ஆள் வந்துட்டா?

நொய்யல்:
ஒரு குழு மட்டும் நால்வர். அவங்களுக்கு 40 நிமிடம். மற்றவங்க டீ குடிக்கட்டும்.