மாலுக்குப் போனாலே படபடப்பு, இதில் பக்கத்து மேஜைப் பேச்சு வேறு

நித்யா_தாம்பரம்:
ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மாலுக்குள் நுழைந்தாலே எனக்கு நெஞ்சு படபடவென்று அடிக்கிறது. தி.நகர் ரங்கநாதன் தெருவில் இதைவிடக் கூட்டம், அங்கே ஒன்றும் ஆவதில்லை. ஃபுட் கோர்ட்டில் இன்னொரு தொல்லை. பக்கத்து மேஜைப் பெண் போனில் "அந்த நகையை அவங்க திருப்பித் தரவே மாட்டாங்க" என்றாள், அவ்வளவுதான், அதன் பிறகு என் வீட்டுக்காரர் பேசியது எதுவும் மண்டையில் ஏறவில்லை. ஒட்டுக் கேட்கிறாயா என்று அவர் கிண்டல் வேறு. எனக்கு மட்டும்தான் இப்படியா?

பழைய_மாம்பலம்:
ரங்கநாதன் தெருவில் தலைக்கு மேல் வானம் இருக்கிறது, நேராக நடந்தால் ஒரு முனையில் ஸ்டேஷன், மறுமுனையில் உஸ்மான் ரோடு. மாலில் பாதிக்கு மேல் ஜன்னலே கிடையாது, ஒரு எஸ்கலேட்டரில் ஏறினால் அடுத்ததைப் பிடிக்கக் கடைகளையெல்லாம் சுற்றி வர வேண்டும். 1956இல் அமெரிக்காவில், மினசோட்டா மாநிலத்தில், சவுத்டேல் என்ற மூடிய ஏசி மாலை வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன். வாங்க வந்ததை மறந்து சும்மா சுற்றும் மயக்கத்துக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். பின்னாளில் அவரே மால்களைத் திட்டித் தீர்த்தார் என்பது தனிக் கதை.

சும்மா_ஒருவன்:
அக்கா, அது ஒட்டுக் கேட்பதே இல்லை. போனில் பேசுபவரின் பாதிப் பேச்சு மட்டும் காதில் விழுந்தால், மீதியை மூளை தானே ஊகித்துக்கொண்டே இருக்கும். 2010இல் வெளியான கார்னெல் பல்கலைக்கழக ஆய்வில், ஒரு பக்கப் பேச்சை மட்டும் கேட்டவர்கள்தான் கவனச் சோதனையில் தடுமாறினார்கள், இரண்டு பக்கமும் கேட்டவர்களுக்கு அந்தத் தடுமாற்றம் இல்லை. (யார் நகை அது? இப்போது எனக்கே மண்டை குடைகிறது.) ஃபுட் கோர்ட் தரை கிரானைட், சுற்றிலும் கண்ணாடி, சத்தம் எதிரொலிக்க எதிரொலிக்க எல்லோரும் குரலை உயர்த்துவார்கள். சுவரோரமாக உட்காருங்கள், கொஞ்சம் குறையும்.

கீதா_மதுரை:
போன் விஷயம் சரி. படபடப்பை மட்டும் கட்டடத்தின் தலையில் கட்டிவிடாதீர்கள். மூச்சு முட்டி, கை நடுங்கி, அடுத்த முறை போகவே பயமாக இருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள், அதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. போகாமலே தவிர்த்தால் பயம்தான் வளரும்.

நித்யா_தாம்பரம்:
நடுக்கம் எல்லாம் இல்லை கீதா, வாசலுக்கு வந்தால் சரியாகிவிடும். ஒரு வார நாளில் காலையில், கடை திறந்ததும் போய்ப் பார்க்கிறேன். இவருக்கு லீவு கிடைக்க வேண்டுமே!