நாச்சோஸுக்கு எதை வைத்து மார்க் போடுவது?

பிளேனோ பரணி:
டல்லாஸ் பக்கம் நம்ம ஆட்கள் எழுதுற உணவக விமர்சனங்களைப் படிச்சு அலுத்துப்போச்சு. "நாச்சோஸ் சூப்பர், ஒரு தட்டு நாலு பேருக்குக் காணும், அஞ்சு ஸ்டார்." தட்டு பெருசா இருந்தா அஞ்சு ஸ்டாரா? என் கணக்கைச் சொல்றேன், சண்டைக்கு வர்றவங்க வரலாம்.

எந்தக் கடைக்குப் போனாலும், பொரிச்ச சோள சிப்ஸ் மேல பீன்ஸும் சீஸும் மட்டும் வெச்ச சாதா நாச்சோஸ்தான் சொல்லணும். புது ஊர்ல ஹோட்டலோட தரம் பார்க்க சாதா தோசை சொல்ற மாதிரி. கறி, குவாக்கமோலிங்கிற அவகாடோ மசியல், சோர் கிரீம்ங்கிற புளிச்ச கிரீம்னு மேல கொட்டிட்டா அடியில இருக்கிற சிப்ஸோட யோக்கியதை தெரியாது. சிப்ஸ் அங்கேயே பொரிச்சதான்னு பாருங்க. டார்ட்டியாங்கிற சோள ரொட்டியை நாலா வெட்டிப் பொரிச்சா தடிமனா, அங்கங்க குமிழ் விட்டிருக்கும். பாக்கெட் சரக்கு அச்சுல வார்த்த மாதிரி ஒரே அளவு முக்கோணம். அப்புறம், ஒவ்வொரு சிப்ஸ் மேலயும் தனித்தனியா பீன்ஸ் தடவி, சீஸ் தூவி, சூடாக்கி, ஒரு வில்லை ஹலபேனோ மிளகாய் வெச்சிருக்கணும். டெக்சஸ்ல பழைய டெக்ஸ்-மெக்ஸ் (டெக்சஸ் பாணி மெக்சிகோ சாப்பாடு) கடைகள்ல இன்னும் இப்படிக் கிடைக்குது. குவியலா வந்தா பாதி மார்க் போச்சு. பம்புல பீச்சின மஞ்சள் சீஸ்னா முட்டை.

ஆர்லிங்டன் அறிவு:
முட்டையா? அண்ணே, எங்க ஊர்க்காரன்கிட்ட இதைச் சொல்லிட்டு நீங்க ஹைவே 360 பக்கம் வர முடியாது. 1976-ல ஆர்லிங்டன் ஸ்டேடியத்துல, ரேஞ்சர்ஸ் டீமோட பேஸ்பால் மேட்ச்ல, ஃபிராங்க் லிபர்ட்டோங்கிற சான் அன்டோனியோக்காரர் அந்தச் சூடான சீஸ் சாஸைக் கொண்டுவந்தார். அடுப்புல வெச்சு உருக்கிக்கிட்டு இருந்தா கியூ நகராது. சிப்ஸை அள்ளி, சாஸை ஊத்தி, ஹலபேனோ போட்டுக் கையில குடுத்தா ஆள் நகர்ந்துடுவான். ரெண்டு வருஷம் கழிச்சு டல்லாஸ் கவ்பாய்ஸ் டீமோட ஃபுட்பால் மேட்ச்ல ஹோவர்ட் கோசெல் டிவி வர்ணனையில இதைப் பத்திப் பேச, அமெரிக்கா பூரா பரவிருச்சு. அது இல்லைன்னா இன்னிக்கு நீங்க மார்க் போடுறதுக்கு மினசோட்டாவுல நாச்சோஸ் இருக்காது.

வரலாறு கிடக்கட்டும், சாப்பிடுற விஷயத்துக்கே வாங்க. பார்ல உட்கார்ந்து மேட்ச் பார்த்துக்கிட்டு ஒரு தட்டை முக்கால் மணி நேரம் ஓட்டுவோம். உங்க துருவின செடார் சீஸ் பத்தாவது நிமிஷம் ரப்பர் தகடு. என் சாஸ் கடைசி வரைக்கும் சாஸ்.

பிளேனோ பரணி:
தம்பி, பரவினது நாச்சோஸ் இல்ல, அதோட பேரு.

ரியோ கிராண்டே கரையில, ஈகிள் பாஸுக்கு எதிர்க்கரையில பியத்ராஸ் நேக்ராஸ்னு மெக்சிகோ ஊர். 1940களோட தொடக்கத்துல அங்க விக்டரி கிளப்புல இக்னாசியோ அனாயா பண்ணினதுதான் அசல். அமெரிக்கப் பக்கத்துல இருந்து சில பெண்கள் வந்து உட்கார்ந்துட்டாங்க, சமையல்காரரைக் காணோம். மனுஷன் தானே உள்ள போய் பொரிச்ச டார்ட்டியா துண்டு மேல சீஸ் வெச்சு, சூடாக்கி, ஊறுகாய் ஹலபேனோ வெச்சுக் குடுத்தார். நாச்சோங்கிறது அவரோட செல்லப்பேர்தான். மொத்தம் மூணே சாமான். ஆள் இல்லாத அடுப்படியில அவசரத்துக்குப் பண்ணினவரே துண்டு துண்டாத்தான் வெச்சார். முழு கிச்சன் வெச்சிருக்கிறவங்க குவிச்சுக் கொட்டுறது சோம்பேறித்தனம்.

ஹூஸ்டன் ஹரிணி:
பரணி அண்ணா, அனாயா காலத்தோட நிறுத்திக்கணும்னா உங்க பீன்ஸையும் தூக்கிருங்க. அவர் தட்டுல பீன்ஸ் எங்க இருந்துச்சு?

சாதா தட்டு சோதனையிலயும் எனக்கு உடன்பாடு இல்ல. ஒரு பார்பிக்யூ கடையில ராத்திரி பூரா புகையில வேக வெச்ச பிரிஸ்கெட்டை, அதான் மாட்டு நெஞ்சுக்கறியை, நறுக்கி நாச்சோஸ் மேல போடுறாங்க. அவங்க உழைப்பு முழுக்க அதுலதான். அங்க போய் "எனக்கு வெறும் பீன்ஸும் சீஸும்"னு சொல்லி, சுமாரா இருந்ததுன்னு மார்க்கைக் குறைக்கிறது எந்த ஊர் நியாயம்? கடை எதுல பேர் வாங்கியிருக்கோ அதை வெச்சுத்தான் எடை போடணும்.

குவியலுக்கும் ஒரு வார்த்தை. எங்க மேசையில ரெண்டு பசங்க, மாமியார், கொழுந்தனார். தனித்தனியா அடுக்கின எட்டு துண்டு வந்தா யாருக்கு எத்தனைன்னு பஞ்சாயத்துதான். குவியல்ல சீஸ் நூல் மாதிரி இழுபட, பசங்க ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு இழுக்கிறதுல இருக்கிற சந்தோஷம் உங்க வில்லை வரிசையில கிடையாது. கொஞ்சம் ஊறிப்போன அடிச் சிப்ஸ் இருக்கே, அதை ஃபோர்க்ல அள்ளிச் சாப்பிடுறவ நான். திட்டுறவங்க திட்டிக்குங்க.

கேம்பஸ் கிரில் குமரன்:
படிக்கிறப்போ யூனிவர்சிட்டி கிரில்லுல வேலை பார்த்தவன். ரெண்டு பக்கமும் கொஞ்சம் அடுப்படி விவரம் தெரிஞ்சுக்கிட்டு அடிச்சுக்கலாம்.

குவியல் கெட்டுப்போறதுக்குக் குவியல் காரணம் இல்ல, அடுக்காததுதான் காரணம். ஒரு அடுக்கு சிப்ஸ், சீஸ், மறுபடி சிப்ஸ், சீஸ்னு போட்டு, மேல் நெருப்புல காட்டுறதுக்கு முன்னாடி ஓவன்ல வெச்சா நடுவுலயும் உருகும். அவசரத்துல எல்லா சீஸையும் உச்சியில தூவி நெருப்புல காட்டிட்டா மேல மூடி போட்ட மாதிரி ஆயிரும். உள்ள சூடான பீன்ஸோட ஆவி வெளிய போக வழியில்லாம சிப்ஸ்ல இறங்கும். அதுக்கு மேல தண்ணி வடிக்காத தக்காளி சால்சா, ஃபிரிட்ஜ்ல இருந்து எடுத்த சோர் கிரீம். கதை முடிஞ்சுது. சால்சாவையும் கிரீமையும் கிண்ணத்துல தனியா தர்ற கடைக்கு நான் கண்ணை மூடிட்டு ஒரு மார்க் கூடுதலா போடுவேன்.

அறிவு சொன்ன ரப்பர் தகடு உண்மைதான், ஆனா அது எல்லா சீஸுக்கும் வராது. ரொம்ப நாள் வெச்ச செடார் சூட்டுல எண்ணெயைக் கக்கிட்டு இறுகும். மான்டரே ஜாக் மாதிரி இளசான சீஸ் நல்லா இளகும். பையில துருவி வர்ற சீஸ்ல ஒட்டாம இருக்க ஸ்டார்ச்சோ செல்லுலோஸோ தூவியிருப்பாங்க, அது சரியா கலக்காது. சாஸ் ஏன் கெட்டியாகாம நிக்குதுன்னா சோடியம் சிட்ரேட் மாதிரி உப்பு. புரதத்தைப் பிடிச்சு வெச்சிருக்கிற கால்சியத்தை அது இழுத்துக்குது, கொழுப்பும் தண்ணியும் பிரியாது. ஒரு கடை நல்ல சீஸை வாங்கி, இந்த உப்பைப் போட்டுத் தானே சாஸ் காய்ச்சினா அதுக்கும் முட்டை போடுவீங்களா பரணி சார்?

பிளேனோ பரணி:
தானே காய்ச்சினா தனி மெனுவுல கேசோன்னு வெச்சு சிப்ஸைத் தொட்டுக்கக் குடுக்கட்டும், முழு மார்க் தர்றேன். நாச்சோஸ்னு பேர் போட்டா சீஸ் சிப்ஸ் மேலயே உருகி, ஓரம் லேசா சிவந்து, பிடிச்சுக்கிட்டு இருக்கணும். இதுல நான் இறங்கி வர்றதா இல்ல.

ஹரிணிக்கு: பிரிஸ்கெட்டுக்கு மார்க் போடணும்னா பிரிஸ்கெட் பிளேட் வாங்கிப் போடுங்கம்மா. நான் மார்க் போடுறது நாச்சோஸுக்கு.

ஹூஸ்டன் ஹரிணி:
பீன்ஸ் கேள்விக்கு இன்னும் பதில் வரலை அண்ணா.

சைவம் மட்டும்:
நல்ல வேளை, பீன்ஸ்னு யாராவது திருப்பி ஆரம்பிச்சீங்களே. எங்களை மாதிரி ஆட்களுக்கு உங்க குவியல், வில்லை சண்டையெல்லாம் அப்புறம். ரீஃபிரைடு பீன்ஸை, அதாவது வேக வெச்சு மசிச்ச பீன்ஸை, பன்றிக் கொழுப்புல வதக்குறதுதான் பழைய வழக்கம். மெனுவுல "பீன் அண்ட் சீஸ்"னு பார்த்ததும் நம்ம ஆட்கள் சைவம்னு நினைச்சு வெளுத்துக் கட்டுறாங்க. "கறி இருக்கா?"ன்னு கேட்டா பரிமாறுறவர் இல்லைம்பார், அவர் சொல்றதும் பொய்யில்ல. "பீன்ஸ்ல மன்தேகா போட்டிருக்கா?"ன்னு, அந்தப் பன்றிக் கொழுப்போட பேரைச் சொல்லிக் கேட்டாத்தான் உள்ள போய் விசாரிச்சுட்டு வருவார். இல்லாட்டி பிளாக் பீன்ஸ் இருக்கான்னு கேளுங்க, நிறைய இடங்கள்ல அதைக் கொழுப்பு போடாம வேக வைக்கிறாங்க, ஆனா அதையும் கேட்டுத்தான் வாங்கணும். சிப்ஸ் பொரிக்கிற எண்ணெயிலேயே கோழியும் பொரிக்கிறாங்களான்னு கேட்டா சில இடங்கள்ல முறைப்பாங்க, முறைக்கட்டும்.

பரணி அண்ணாவோட சாதா தட்டுதான் எங்களுக்கு இருக்கிற ஒரே தட்டு. அதனால அவர் கட்சி. ஆனா மார்க் போடுற அட்டையில இதுக்கு ஒரு கட்டம் கூட இல்லையே?

ஆர்லிங்டன் அறிவு:
சைவம் அக்கா, பம்பு சாஸ்ல பன்றிக் கொழுப்பு கிடையாது. சும்மா சொல்லி வெச்சேன்.

சைவம் மட்டும்:
சாஸ்ல கோழி ரசம் கலக்கிற கடையும் உண்டு தம்பி. டப்பால ஒட்டின லேபிளை வாசிச்சுட்டு வாங்க, அப்புறம் சொல்லுங்க.

பிளேனோ பரணி:
பன்றிக் கொழுப்பா, இல்லையான்னு கேட்டா உடனே பதில் சொல்லத் தெரிஞ்ச கடைக்கு ஒரு மார்க். இதைச் சேர்த்துக்கலாம். ஹரிணி, அனாயா தட்டுல பீன்ஸ் இல்லைதான். டெக்சஸ்காரங்க சேர்த்தது. ஆனா ஒட்டற மாதிரி மெல்லிசா தடவினா சீஸ் வழுக்காம நிக்கும், அதனால பீன்ஸுக்கு வேலை இருக்கு. சோர் கிரீமுக்கு என்ன வேலைன்னு நீங்க சொல்லுங்க.

ஹூஸ்டன் ஹரிணி:
என் மாமியாருக்கு ஹலபேனோ காரம் தாங்காது. அதான் வேலை.

கேம்பஸ் கிரில் குமரன்:
வெள்ளிக்கிழமை ராத்திரி ஏழரைக்குப் போங்க, கிச்சன் திணறுற நேரம். செவ்வாய் மத்தியானம் எந்தக் கடையும் ஒவ்வொரு சிப்ஸுக்கும் தனியா பீன்ஸ் தடவும். ஏழரைக்கும் தடவினா அந்தக் கடை பேரை இங்க போடுங்க, நானே வண்டி எடுத்துட்டு வர்றேன்.